நம்பர் கொடுத்தால் கடமை தீர்ந்ததா?

சாலை விபத்தில் கால் முறிந்தால் கட்டுப் போடுகிறார்கள். மண்டை உடைந்தால் தையல் போடுகிறார்கள். மனம் உடைந்தால்? அதற்கும் இப்போது மருந்து வந்துவிட்டதாகச் சர்க்கார் சொல்லுகிறது. 14416 என்ற டெலிபோன் நம்பர்தான் அந்த மருந்து! கூப்பிடு, பேசு, ஆறுதல் பெறு, போ!

இந்த நம்பரைக் கேலி செய்ய நாம் வரவில்லை. அது வேண்டும். ஆனால் "வேண்டும்" என்பதற்கும் "போதும்" என்பதற்கும் இடையிலே எவ்வளவோ தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் கிடந்து தவிப்பவர்கள் நம் ஜனங்கள். ஆகவே இதைப் பற்றி நாம் பேசித்தான் ஆகவேண்டும்.

ஒரு பஞ்சாலைத் தோழர்

நம் சங்கத்துத் தோழர் ஒருவர். நூற்பாலையில் பத்தொன்பது வருஷ சர்வீஸ். இரவு ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன மில் வேன், பைபாஸ் ரோட்டில் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியது. அவருக்கு வலது கால் முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொழிலாளி அவர் மடியிலேயே உயிரை விட்டார்.

காலுக்குள் பிளேட் வைத்தார்கள். நாலு மாதத்தில் தோழர் எழுந்து நடந்தார். "வேலைக்குப் போகலாம்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆனால் அவரால் அந்த வேனில் ஏற முடியவில்லை. தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும், வேர்த்துக் கொட்டும். நடுச்சாமத்தில் திடுக்கிட்டு எழுந்து மடியைத் தடவிப் பார்ப்பார். சம்சாரத்தோடு பேச்சு நின்றது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தார்.

மானேஜர் "நடிக்கிறான்" என்றார், ஆப்சென்ட் போட்டார். ஊரில் உள்ளவர்கள் "பயந்திருக்கிறான், மந்திரித்துக் கட்டுங்கள்" என்றார்கள். சங்க ஆபீசில் உட்கார்ந்திருந்த நாம் என்ன சொன்னோம்? "தோழரே, தைரியமாக இருங்கள். ஸ்டிரைக்கில் தடியடிக்கு அஞ்சாதவர், ஒரு வேனுக்கு அஞ்சலாமா?" என்றோம்.

நாம் சொன்னது தவறு. இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். மானேஜர் "நடிக்காதே" என்றார். நாம் "கோழையாகாதே" என்றோம். வார்த்தைதான் வேறு. அந்த மனிதனின் காயத்தைக் காயம் என்று இரண்டு பேருமே ஒப்புக்கொள்ளவில்லை.

கோழைத்தனமல்ல, காயம்

உயிருக்கு ஆபத்தான சம்பவத்தில் அகப்பட்டுத் தப்பியவரின் மனதில் அந்தச் சம்பவம் முடிந்துபோவதில்லை. அது திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது; கனவில் வருகிறது. அதை நினைவூட்டும் இடம், சத்தம், வண்டி எல்லாவற்றையும் மனிதன் ஒதுக்குகிறான். எந்நேரமும் ஆபத்து வரப்போவதுபோல் உடம்பு விறைத்து நிற்கிறது. தூக்கம் போகிறது, கோபம் வருகிறது. 1980ம் ஆண்டிலேயே அமெரிக்க மனநல டாக்டர்கள் இதைத் தனி நோயாகத் தங்கள் ஏட்டில் சேர்த்துவிட்டார்கள். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்க்கு வருவதும் இதுதான். விபத்திலிருந்து பிழைத்து வந்த கூலியாளுக்கு வருவதும் இதுதான்.

முதல் சில வாரங்களில் இப்படி இருப்பது இயற்கை. பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் சிகிச்சை வேண்டும். சிகிச்சை கொடுத்தால் குணமாகக் கூடியது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடிபடுகிறவர்கள் யார்? மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா தந்த கணக்கே சொல்லட்டும். 2022ம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 விபத்துக்கள். 1,68,491 பேர் சாவு. 4,43,366 பேருக்குக் காயம். விபத்துக்களின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105! செத்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்களும் கால்நடையாகப் போனவர்களும்தான். சொகுசுக் காரின் காற்றுப்பைக்குள் பத்திரமாக இருப்பவர்கள் அல்ல. பால் கேனோடு போனவர், ஷிப்டு முடிந்து போனவர், களை எடுக்க நடந்துபோனவர். செத்தவர்களை எண்ணுகிறார்கள், எலும்பு முறிந்தவர்களை எண்ணுகிறார்கள். மனம் முறிந்தவர்களுக்கு அந்தக் கணக்கில் ஒரு பத்திகூட இல்லை.

எது உதவி? எது உபத்திரவம்?

"அதற்குத்தான் டெலி-மானஸ் வைத்திருக்கிறோமே" என்கிறார்கள். 2022 பட்ஜெட்டில் அறிவித்து, அந்த வருஷம் அக்டோபர் 10ந் தேதி தொடங்கினார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் அதற்குத் தலைமை ஸ்தாபனம். 20 மொழிகளில் பேசலாம், தமிழிலும் பேசலாம். காசில்லை. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவார். நல்ல ஏற்பாடுதான். மறுமுனையில் இருந்துகொண்டு ஊரார் துக்கத்தையெல்லாம் காதில் வாங்குபவரும் நம்மைப்போல் ஒரு உழைப்பாளிதான். அவர்மீது நமக்குக் கோபம் கிடையாது.

நமது கேள்வி வேறு. தூரத்திலிருந்து மனதுக்கு வைத்தியம் செய்ய முடியுமா? முடியும் என்று விஞ்ஞானம் சொல்லுகிறது. ஆனால் எப்படி முடியும் என்பதையும் அதே விஞ்ஞானம் சொல்லுகிறது. முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்!

பிரிட்டனில் கார்டிப் சர்வகலாசாலை நடத்திய சோதனையின் முடிவு 2022ல் வெளிவந்தது. ஒரே சம்பவத்தால் இந்த நோய்க்கு ஆளான 196 பேர் அதில் பங்குபெற்றார்கள். ஒரு பகுதியினருக்குச் சிகிச்சையாளர் முன்னே உட்கார்ந்து பேசும் சிகிச்சை. மற்றவர்களுக்கு இன்டர்நெட் மூலம் பாடம், கூடவே பயிற்சி பெற்ற ஒருவரின் வழிகாட்டுதல். பதினாறு வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டாவது முறை முதல் முறைக்குச் சளைக்கவில்லை. கவனியுங்கள்: பதினாறு வாரம்! திட்டமிட்ட படிகள், பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு தொடர்ந்த தொடர்பு. ஒரு தடவை போன் போட்டுப் பேசிவிட்டு வைப்பதல்ல.

இன்னொரு பாடம் ஆக்ஸ்போர்டிலிருந்து. சாலை விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களிடம், ஓரிரு நாளுக்குள்ளேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொல்லவைத்தார்கள். மனப்பாரம் இறங்கும் என்று நம்பினார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்து, 2000ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். என்ன கண்டார்கள்? அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களின் நிலைமை, பேசவைக்கப்படாதவர்களின் நிலைமையைவிட மோசமாக இருந்தது! ஆரம்பத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான் அதிகக் கேடு. ஒரு தடவை புண்ணைக் கிளறிவிட்டு, கட்டுப் போடாமல் எழுந்து போனால் வேறென்ன நடக்கும்?

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல ஸ்தாபனம் 2010ல் புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு பஸ்ஸை விட்டது. டாக்டர் சென்னையில், நோயாளி கிராமத்தில், பஸ்ஸுக்குள்ளே திரையில் இருவரும் பார்த்துப் பேசினார்கள். ஆனால் திரையை மட்டும் அனுப்பவில்லை. மருந்து பஸ்ஸிலேயே இருந்தது. அந்த வட்டாரத்து ஊழியர்கள் வீடு தேடிப் போய் ஜனங்களை அழைத்து வந்தார்கள். தூரத்து டாக்டருக்குப் பக்கத்து ஆள் கை கொடுத்தார். இதுதான் வித்தியாசம்!

போன் யார் கையில்?

14416 நாம் கூப்பிட்டால் எடுக்கும். ஆனால் இந்த நோயின் குணமே, சம்பவத்தை நினைக்கவும் பேசவும் அஞ்சுவதுதான். கூப்பிட வேண்டியவனே கூப்பிட முடியாதவன்! நொண்டிக்கு மாடியிலே கட்டிலைப் போட்டுவிட்டு, "ஏறி வந்து படுத்துக்கொள்" என்பது போலல்லவா இருக்கிறது?

எங்கே நின்று பேசுவது? லைன் வீட்டில் ஒரே அறை. சேரிக் குடிசையில் ஆறு பேர். இருக்கிற ஒரு செல்போனும் பையன் பையில். மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் கேட்காமல் அழக்கூட இடம் இல்லாதவர்கள், மனதைத் திறந்து எங்கே பேசுவார்கள்?

பேசியபின் "ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றால், பஸ் சார்ஜ் யார் தருவது? ஒரு நாள் கூலி யார் தருவது? பஸ்ஸில் ஏறவே நடுங்குகிறவனை யார் கூட்டிக்கொண்டு போவது?

தமிழ்நாடு சர்க்கார் 2021 டிசம்பர் 18ந் தேதி தொடங்கிய திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்றது. நல்லது, பல உயிர் பிழைக்க உதவும். ஆனால் மனக்காயத்தின் கணக்கு 48 மணி நேரத்தில் முடிவதல்ல. ஒரு மாதம் கழித்துத்தான் அது முகத்தைக் காட்டுகிறது. அப்போது எந்தத் திட்டமும் அவன் கதவைத் தட்டுவதில்லை.

கெடுவும் கேஸும்

இதில் காசு விஷயமும் இருக்கிறது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். நஷ்ட ஈட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போடவேண்டும் என்ற கெடு, 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வந்தது. இதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட் வரை வழக்குகள் போயின. விபத்தை நினைத்தாலே நடுங்குகிறவனிடம், "ஆறு மாதத்துக்குள் எல்லாவற்றையும் எழுதிக் கொடு" என்று கெடு வைப்பது என்ன நியாயம்?

ஆனால் சட்டத்தில் நமக்கு ஒரு பிடியும் இருக்கிறது. 2010ல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட், காயம்பட்டவருக்கு எந்தெந்த வகையில் நஷ்ட ஈடு தரவேண்டும் என்று பட்டியல் போட்டது. வலி, துன்பம் ஆகியவற்றோடு மன அதிர்ச்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். டெலிபோனில் பேசிவிட்டு வைத்தால் கையில் என்ன காகிதம் மிஞ்சும்? நம்பரோடு கதையை முடிப்பதில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மில் முதலாளிக்கும் எவ்வளவு லாபம் என்று பாருங்கள்!

விவசாயத் தொழிலாளிகளின் நிலைமை இன்னும் மோசம். நடவுக்கும் அறுப்புக்கும் லோடு ஆட்டோவில் மூட்டைபோல் அடைத்துக்கொண்டு போகிறார்கள். அது கவிழ்ந்தால்? சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போனவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வண்டிக்காரர்மீது கேஸ் போடலாம். ஆனால் கடனில் ஓடும் வண்டியிலிருந்து என்ன வசூலாகும்? கைக்கும் பணமில்லை, மனதுக்கும் மருந்தில்லை. அவளிடம் "நம்பருக்குப் பேசம்மா" என்று சொல்ல இவர்களுக்கு நா எழுகிறதே!

நமக்குள் ஒரு கேள்வி

"கூலிப் பிரச்னை, போனஸ் பிரச்னை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று நம் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் அந்தப் பஞ்சாலைத் தோழருக்கு ஏழு மாதச் சம்பளம் போனது எதனால்? காலால் அல்ல, கால் நாலு மாதத்தில் கூடிவிட்டது. மீதி மூன்று மாதச் சம்பளத்தைத் தின்றது மனக்காயம். இது கூலிப் பிரச்னை அல்லாமல் வேறென்ன?

பிற்பாடு நாம் செய்தது இதுதான். சங்க ஆபீசின் பின்னறையைக் காலி செய்து, கதவைச் சாத்தி, தோழர் கையில் போனைக் கொடுத்தோம். வெளியே காவல் இருந்தோம். முக்கால் மணி நேரம் பேசினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு, மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார். முதல் தடவை நம்மில் ஒருவர் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனோம். பிறகு பஸ்ஸில், முன் சீட்டில். இப்போது வேலைக்குப் போகிறார். மில் வேனில் இன்னும் ஏறவில்லை; ஏறுவார். அவரைத் தேற்றியது டெலிபோன் மட்டுமல்ல. டெலிபோனும், டாக்டரும், பக்கத்தில் நின்ற மனிதர்களும்.

என்ன கேட்கிறோம்?

ஒன்று: விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒவ்வொருவரையும், ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியே கூப்பிட்டு விசாரிக்கவேண்டும். நாம் தேடிப்போகும் உதவி போதாது. நம்மைத் தேடி வரும் உதவி வேண்டும்.

இரண்டு: சிகிச்சை முடியும் வரை ஒரே ஆலோசகர் தொடர்ந்து பேசவேண்டும். பேசியதற்குச் சீட்டு தரவேண்டும்.

மூன்று: ஆரம்ப சுகாதார நிலையத்தில் கதவுள்ள ஒரு அறையும், ஒரு போனும், மருந்தும், ஒரு ஊழியரும் வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017ம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. சட்டத்தில் உள்ளதைத்தான் கேட்கிறோம்.

நான்கு: மனக்காயத்துக்கும் சம்பளத்தோடு லீவு, நஷ்ட ஈட்டில் அதற்கும் பங்கு. வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்தும் வேலையில் நேர்ந்த விபத்தே என்று 2010ல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்த்தார்கள். உடம்புக்கு ஒப்புக்கொண்டதை மனதுக்கும் ஒப்புக்கொள்ளட்டும்.

ஐந்து: ஆள் ஏற்ற லோடு ஆட்டோ கூடாது. மில்லும் மிராசும் இருக்கை உள்ள வண்டியை, இன்ஷூரன்சோடு, தங்கள் செலவில் விடவேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. ஒவ்வொரு சங்கக் கிளையிலும், விபத்தில் பிழைத்தவர் வீட்டுக்கு ஒரு மாதம் கழித்து ஒருவர் போகவேண்டும். "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது. "தூக்கம் வருகிறதா தோழரே?" என்றும் கேட்க வேண்டும். பதில் சொல்லாவிட்டால் வற்புறுத்தக் கூடாது, மறுவாரமும் போகவேண்டும். நஷ்ட ஈட்டு மனுவைக் கெடுவுக்குள் நாமே எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிப் போடவேண்டும்.

"தைரியமாக இரு" என்று சொல்வது சுலபம். தைரியமாக இருப்பதற்கு வேண்டியதை வாங்கிக் கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை!