இணைப்புக்குப் பிறகு எந்த ஸ்விட்ச் மிஞ்சும்?

2009 அக்டோபரில், நெட்வொர்க் சாதனங்கள் செய்யும் புரோகேட் நிறுவனம் தன்னை விற்க ஆள் தேடுகிறது என்ற செய்தி கசிந்ததும் அதன் பங்கு விலை மளமளவென்று ஏறியது. ஹெச்பி வாங்கும், ஆரக்கிள் வாங்கும் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். நவம்பர் 11 அன்று ஹெச்பி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 270 கோடி டாலருக்கு அது வாங்க முடிவு செய்திருந்தது த்ரீகாம் நிறுவனத்தை! புரோகேட் பங்கு சரிந்தது.

ஹெச்பியிடம் ஏற்கெனவே புரோகர்வ் ஸ்விட்சுகள் இருந்தன. அதே வகைச் சாதனங்கள் செய்யும் த்ரீகாமை வாங்கினால் இரட்டைச் சரக்குதான். ஆனால் அதனுடன், த்ரீகாமின் சீனப் பிரிவான ஹெச்த்ரீசி வழியாகச் சீனச் சந்தையும் கைக்கு வந்தது. 'யார் வாங்குவார்' என்று கேட்டவர்கள், 'வாங்கியபின் எந்தச் சாதனத்தை வைத்துக்கொள்வார்' என்றும் கேட்டிருக்க வேண்டும்.

புரோகேட் கடைசியில் விலைபோன விதம் இதைவிடப் பெரிய பாடம். 2016 நவம்பரில் பிராட்காம் அதை 550 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. பிராட்காமுக்கு வேண்டியிருந்தது சேமிப்பகங்களை இணைக்கும் ஃபைபர் சேனல் தொழில் மட்டுமே. மற்ற நெட்வொர்க் சாதனங்களை வைத்துக்கொண்டால், தன்னிடம் சிப் வாங்கும் வாடிக்கையாளர்களுடனேயே மோத வேண்டிவரும். எனவே புரோகேடின் ரக்கஸ் வைஃபையும் ஐசிஎக்ஸ் ஸ்விட்சுகளும் ஆரிஸ் நிறுவனத்துக்குப் போயின; டேட்டா சென்டர் ஸ்விட்சுகள் எக்ஸ்ட்ரீம் நிறுவனத்துக்குப் போயின. 2019-இல் ஆரிஸையே காம்ஸ்கோப் வாங்கியது. 2015-இல் ஐசிஎக்ஸ் ஸ்விட்ச் வாங்கிய ஒரு கல்லூரியை நினைத்துப் பாருங்கள். பெட்டி அதே ரேக்கில்தான் இருக்கிறது. நான்கே ஆண்டுகளில் அந்தத் தயாரிப்பின் உரிமையாளர் இருமுறை மாறிவிட்டார். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும், மென்பொருள் திருத்தம் வாங்கவும் ஒவ்வொரு முறையும் புது வாசலில் நிற்க வேண்டும். அந்த அலைச்சல் எந்தப் பங்கு விலையிலும் சேராது.

இப்போது ஜூனிப்பரின் முறை. ஹெச்பியிலிருந்து பிரிந்த ஹெச்பிஇ நிறுவனத்துடன் சுமார் 1,400 கோடி டாலர் மதிப்பில் பேசப்பட்ட இணைப்பை எதிர்த்து அமெரிக்க நீதித்துறை 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. ஹெச்பிஇ தன் இன்ஸ்டன்ட் ஆன் வைஃபை தொழிலை விற்பது, ஜூனிப்பரின் மிஸ்ட் மென்பொருளின் மூல நிரலுக்கு உரிமம் வழங்குவது என்ற உடன்பாட்டின் பேரில் ஜூலையில் ஜூனிப்பர் ஹெச்பிஇ கைக்கு வந்தது. இன்று ஹெச்பிஇயிடம் ஏற்கெனவே இருந்த அரூபா, ஜூனிப்பருடன் வந்த மிஸ்ட் இரண்டுக்கும் ஒரே முதலாளி. இரண்டும் தொடரும் என்கிறது நிறுவனம். ஒரே வேலைக்கு இரண்டு பொறியாளர் படைகளை நெடுநாள் சம்பளம் கொடுத்து வைத்திருக்க முதலீட்டாளர்கள் விடமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

எனவே கொள்முதல் செய்வோருக்கு ஒரு வேண்டுகோள்: டெண்டரில் கையெழுத்திடும் முன், இந்தச் சாதனத்துக்கு எந்த ஆண்டுவரை மென்பொருளும் உதிரியும் கிடைக்கும், உரிமையாளர் மாறினால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.