வீட்டிலிருந்து படிப்போருக்குச் சங்கம் துணை நிற்க வேண்டும்

பள்ளியை இடையில் விட்டோர் பத்தாம் வகுப்புத் தேறுவதற்கென ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. 1979இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் திட்டமாகத் தோன்றி, 1989இல் தனி நிறுவனமான தேசியத் திறந்தநிலைப் பள்ளியே அது. 14 வயது நிரம்பியோர் சேரலாம், தமிழிலும் தேர்வெழுதலாம். ஒருமுறை பதிந்தால் 5 ஆண்டுகளுக்குள் 9 முறை தேர்வுக்கு அமரலாம். பாடங்களை ஒவ்வொன்றாகவும் முடிக்கலாம்.

இத்தனை வசதியிருந்தும் சேர்ந்தவர் பலர் நடுவழியில் நின்றுவிடுகின்றனர். அதனைச் சோம்பல் என்பது நியாயமன்று. பொதுத் தேர்வுகள் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நடைபெறுகின்றன. வெலிங்டனைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் கொழுந்து மிகுந்து வருவதும் அக்காலங்களிலேதான். நெசவாளர் இல்லத்திலோ தீபாவளிக்கு முன்னர்த் தறிக்கு ஓய்வே கிடையாது. குடும்பத்தின் ஆண்டு வருவாயை ஈட்டும் வாரங்களில் எவர் புத்தகத்தை எடுப்பார்?

மற்றொரு காரணம் தனிமை. ஐயம் கேட்க ஆளில்லை. மையத்தில் நடைபெறும் நேர்முக வகுப்புக்குச் சென்றால் ஒரு நாட்கூலி போகிறது. 20 விழுக்காடு மதிப்புடைய பயிற்சித் தாளை அனுப்பவேண்டிய நாளை நினைவூட்டுவாரும் இல்லை. ஒரு தவணை தவறினால் ஊக்கம் குன்றுகிறது. மறு தவணையில் கட்டணமே கட்டப்படுவதில்லை.

இக்குறையை நீக்கும் ஆற்றல் நம் சங்கங்களுக்கு உண்டு. 1930ஆம் ஆண்டுகளில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மீனவரும் உழவரும் சிறு சிறு படிப்பு வட்டங்களாகக் கூடினர். அவ்வட்டங்களிலிருந்தே அவர்களுடைய கடன் சங்கங்கள் பல பிறந்தன. நாமும் அவ்வாறே செய்யலாகாதா? சங்கக் கட்டடத்தில் மாலையில் ஓர் அறையைத் திறந்துவைப்போம். படித்த அங்கத்தினர் ஒருவர் வாரம் இருமுறை வந்து ஐயம் தீர்க்கட்டும். கட்டணத்துக்கும் பயிற்சித் தாளுக்கும் உரிய கெடு நாட்களை எழுத்தர் ஒரு பதிவேட்டில் குறித்து, முன்கூட்டியே அறிவிக்கட்டும். கட்டணத்தை முன்பணமாக அளித்து, இலைப் பணத்திலோ நெசவுக் கூலியிலோ சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்ளலாம். வேலை மிகுந்த பருவத்தில் ஒரே பாடத்தை எழுதி, எஞ்சியவற்றை அடுத்த தேர்வுகளுக்கு வைத்துக்கொள்ளுமாறு மாணவருக்கு எடுத்துரைப்பதும் இன்றியமையாதது.

இலை வாங்குவதும் துணி விற்பதுமே சங்கத்தின் வேலை எனச் சிலர் கூறக்கூடும். ஆண்டறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் படித்துக் கேள்வி கேட்க இயலாத அங்கத்தினர், தம் சங்கத்துக்கு எவ்வாறு உரிமையாளராக விளங்க முடியும்? வரும் பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு வேண்டுகிறோம்.