ஊசி முனையும் விளக்குச் சுடரும்

வன்னி நிலத்தில் முள் தைக்காத கால் உண்டோ? வயல் வரம்பிலும் காட்டுப் பாதையிலும் நடந்து திரிந்த எமது பிள்ளைப் பருவத்தில், காலில் முள் ஏறினால் பாட்டியாரிடம் ஓடுவோம். அவர் தையல் ஊசியை எடுத்ததும் முள்ளில் வைப்பதில்லை. முதலில் அதை விளக்குச் சுடரிலே காட்டிச் சிவக்கச் செய்வார். ஆறிய பின்னரே முள்ளைத் தொடுவார். கிருமி என்ற சொல்லை அவர் அறிந்திருந்தாரோ தெரியாது. ஆயினும் உடம்பினுள் நுழையும் ஊசி தூய்மையாய் இருத்தல் வேண்டும் என்பதை நன்கு அறிந்திருந்தார்.

அண்மையில் எமது பழைய மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இந்நினைவை எழுப்பிற்று. “ஐயா, மச்சாள் பாவித்த டேர்மா ரோலர் ஒன்று தந்திருக்கிறா. அதை வீட்டிலே எப்படிக் கிருமி நீக்குவது?” என்று அவள் கேட்டாள். இன்று பல வீடுகளிற் புகுந்துவிட்ட பொருள் இது. ஆதலின் விடையை நேயர்கள் யாவருக்கும் பொதுவாகவே சொல்லுகின்றோம்.

டேர்மா ரோலர் என்பது கைபிடியுடன் கூடிய சிறு உருளை. அதன்மேல் மயிரிழை போன்ற நுண்ணூசிகள் 192 அல்லது 540 வரை பதிக்கப்பட்டிருக்கும். முகத்தில் உருட்டும்போது அவை தோலில் நுண்ணிய துளைகளை இடுகின்றன. அத்துளைகளை ஆற்றும் முயற்சியில் உடல் புதிய கொலாஜனை ஆக்குகின்றது. அதனால் தழும்பு மங்கும் என்பதே இதன் தத்துவம். ஆனால் துளை என்பது வாசல். மருந்து நுழையும் வாசலால் கிருமியும் நுழையும்.

பாட்டியாரின் சுடர் இதற்கு உதவாது, கொதிநீரும் ஆகாது. இரண்டும் பிளாஸ்டிக்கை உருக்கிக் கோணலாக்கிவிடும். வெளிற்றும் திரவம் ஊசியைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே செய்ய வேண்டுவது இது:

முதலாவது, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. பாவித்த உடனேயே, இரத்தம் உலருமுன், கொதித்து ஆறிய நீரை உருளையின்மேல் ஊற்றிக் கழுவுக. பின் மென்மையான சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் அசைத்து, மீண்டும் அலசுக. அழுக்குப் படிந்திருப்பின் கிருமிநாசினி கீழே சென்று சேராது. துணியால் துடைத்தல் கூடாது. நூல் சிக்கும், ஊசி வளையும்.

இரண்டாவது, ஊசிகள் முழுதும் அமிழும்படி 70 வீத அற்ககோலில் பத்து நிமிடம் வைக்க. வீதம் கூடினால் நன்று என்று எண்ணற்க. தூய அற்ககோல் விரைவில் ஆவியாகிவிடும். கிருமியின் புரதத்தைச் சிதைக்க நீரின் துணையும் வேண்டும். ஆதலின் போத்தலின் எழுத்தைப் படித்து வாங்குக. அடுப்பும் குப்பிவிளக்கும் அருகில் இருத்தலாகாது. அற்ககோல் நொடியில் தீப்பற்றும்.

மூன்றாவது, காற்றில் உலரவிட்டு, அற்ககோலால் அலசிய பெட்டியில் மூடி வைக்க. அடுத்த முறை பாவிக்குமுன்னும் அற்ககோலில் அமிழ்த்துக. வளைந்தது, துருவேறியது, நிலத்தில் விழுந்தது ஆகிய உருளையைத் தடித்த போத்தலில் இட்டு மூடி எறிக; குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது.

இவ்வளவும் செய்தாலும் அது கிருமி குறைப்பே அன்றிக் கிருமி ஒழிப்பு அன்று. சில பற்றீரியாக்களின் வித்திகளை அற்ககோல் கொல்லாது. அவற்றையும் அழிக்க வைத்தியசாலைகளில் 121 பாகை செல்சியசு நீராவியில், உயர் அமுக்கத்தில் கருவிகளை வேகவைக்கின்றனர். அடுக்களையில் அது இயலாது.

எனவேதான் மாணவிக்கு நாம் முதலிற் சொன்ன விடை, “மச்சாளின் உருளையை எவ்வாறு கழுவினாலும் நீ தொடாதே” என்பது. செங்கண்மாரியை விளைவிக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசு உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத்தில், ஏழு நாள்வரை உயிர்ப்புடன் இருக்க வல்லது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், 2018இல் மூடப்பட்ட அழகு நிலையம் ஒன்றில் ஊசியால் முகச் சிகிச்சை பெற்ற பெண்கள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2024இல் அறிவித்தது. ஒருமுறை மட்டும் பாவித்து எறிய வேண்டியவை அங்கு மீண்டும் பாவிக்கப்பட்டிருந்தன. பற்றூரிகையைக் கடன் கொடாத நாம் ஊசியைக் கடன் கொடுப்பது முறையோ?

எம் நிலத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. மெலியோய்டோசிஸ் என்னும் நோயை விளைக்கும் பற்றீரியா இலங்கையின் மண்ணிலும் நீரிலும் வாழ்கின்றது. தோலின் சிறு காயமே அதற்கு வழி. நீரிழிவு உள்ளோரை அது கடுமையாகத் தாக்கும். ஆகவே உருளையைக் காய்ச்சாத கிணற்று நீரில் அலசுவதும், முகத்தில் உருட்டிய கையோடு வயற் சேற்றில் இறங்குவதும் தகா. பருவும் புண்ணும் உள்ள முகத்தில் உருட்டலாகாது. நீரிழிவுள்ளோரும், தழும்பு தடித்து வளரும் இயல்பினரும் வைத்தியரைக் கேளாது தொடலாகாது.

இத்தனையும் சொன்ன பின்னரே, “உனக்கு இது எதற்கு?” என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின், கன்னத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினாள். 2009இல், குழந்தையாய் இருந்தபோது பட்ட காயம். கலியாணம் பேசி வருகின்றார்களாம்.

அதற்குமேல் சவர்க்காரத்தையும் அற்ககோலையும் பற்றிப் பேச எமக்கு நா எழவில்லை. “முதலில் வைத்தியரிடம் காட்டு” என்று மட்டும் சொன்னோம். அவள் போனாள். எக்ஸ்றே எடுத்துப் பார்த்ததில், தழும்பின் கீழே கடுகளவு உலோகத் துண்டு ஒன்று இருந்தது. அதன்மேல் அவள் ஊசி உருட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவும் மனம் கூசுகின்றது.

வன்னியில் இத்தகைய தழும்புள்ளோர் பலர். தழும்பை மறைக்க விரும்புவது குற்றமன்று. அவர்களை நகைப்பதும் தகாது. நாம் வேண்டுவது ஒன்றே. தோலைத் துளைக்குமுன் அதன் கீழே என்ன உண்டு என்று அறிந்தோரிடம் கேளுங்கள். முள் எடுக்குமுன் பாட்டியாரும் காலை விளக்கருகே இழுத்து வைத்து நெடுநேரம் உற்று நோக்குவார். ஊசியைச் சுடுவது அதன் பின்னர்தான்.