உப்புத் தூணும் உப்புப் பாத்தியும்

வேதாரண்யத்துக்கு இரண்டு பெருமை சொல்வார்கள். ஒன்று கதவு, இன்னொன்று உப்பு.

கதவுக் கதை தெரிந்ததுதான். வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன மறைக்காட்டுக் கோயில் கதவு அப்பர் பாடத் திறந்தது, சம்பந்தர் பாட அடைத்தது என்கிறது பெரியபுராணம். சரி, இருக்கட்டும். தமிழுக்குத் திறந்த கதவு என்று மேடை போட்டுப் பேசுறவங்க ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நம்ம சனத்துக்குக் கோயில் கதவைத் திறக்க எந்தப் பதிகமும் போதவில்லை. சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போட வேண்டியிருந்தது.

அடுத்து உப்பு. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட ராஜாஜி, ஏப்ரல் 30 அன்று இங்கே உப்பு அள்ளிக் கைதானார். போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை போன வைரப்பனையும் இந்த ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அந்தத் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே ஆண்டு மார்ச் 2ஆம் தேதி, காந்தி தண்டிக்குக் கிளம்பப் பத்து நாள் முன்பு, நாசிக் காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சத்தியாகிரகம் தொடங்கினார்களே, அதை எந்த வாத்தியார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்? உப்புச் சட்டத்தை மீறியது தேச வரலாறு. கதவைத் தட்டியது மட்டும் சாதிப் பிரச்சினையா? ஆண்டுக் கணக்கில் தட்டியும் அந்தக் கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார் அம்பேத்கர்.

அகஸ்தியன்பள்ளியில் நினைவுத் தூண் நிற்கிறது. தூணைத் தாண்டினால் உப்பளம். தூத்துக்குடிக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில் உப்பு அதிகம் விளைவது இங்கேதான். சுமார் 9,000 ஏக்கர் என்கிறார்கள். பாளம் பாளமாய் வெள்ளை. வெயில் அதில் பட்டுக் கண்ணில் அடிக்கும். உப்புத் தண்ணியில் நின்று நின்று கால் வெடிக்கும். அங்கே நிற்கும் சனத்தில் நம் சேரிச் சனமும் உண்டு. ஐப்பசி மழை விழுந்தால் வேலை இல்லை, கூலி இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அளமும் போச்சு, குடிசையும் போச்சு. அள்ளிய ஒரு பிடி உப்புக்குத் தூண் உண்டு. ஆயுசு முழுக்க வாரிக் குவிக்கிறவர்களுக்கு என்ன உண்டு?

2019 ஆகஸ்டு 25 அன்று இதே நகரில் அம்பேத்கர் சிலையின் தலையை உடைத்தார்கள். மறுநாளே அரசு புதுச் சிலை வைத்தது. வேகம்தான், ஒப்புக்கொள்கிறேன். சிலையை ஒரே ராத்திரியில் மாற்ற முடிகிற நிர்வாகத்துக்கு, அளத்து ஓரத்தில் குடிதண்ணீரும் நிழலும் தர எத்தனை ராத்திரி வேணும்? உடைத்த கைக்குள் இருந்த சாதியை எந்த லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோவது?

ஊரின் பாரம்பரியத்தை எழுதுகிறவன் தூணில் ஆரம்பித்துத் தூணிலேயே முடிக்கிறான். நாம் பாத்தியிலிருந்து ஆரம்பிப்போம். மாணவத் தோழர்களே, ஏப்ரல் 30க்கு மாலை தூக்கிக்கொண்டு போகும் கூட்டம் போகட்டும். நீங்கள் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போங்கள். கூலி எவ்வளவு, நிலம் யார் கையில், மழைக்காலத்தில் அடுப்பு எப்படி எரியுது, பிள்ளை எந்த வகுப்பில் நின்றது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள், திருத்தாமல் போடுவோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. உப்பை விளைவித்தவரை யார் நினைப்பது?