சீசன் வீடுகள்

நவம்பர் பிறந்தால் செங்கம் சாலைப் பக்கம் இரண்டு காட்சிகளை ஒரே நாளில் பார்க்கலாம். முதுகுப் பையோடு வெள்ளைக்காரர்கள் ஆட்டோவிலிருந்து இறங்குவார்கள். பக்கத்துச் சந்தில் ஒரு குட்டியானை வண்டியில் பீரோ, கிரைண்டர், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏறிக்கொண்டிருக்கும். வருகிறவரைப் பற்றி ஊரே பேசுகிறது. போகிறவரைப் பற்றிப் பேச ஆளில்லை.

வருகிறவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. குளிருக்குத் தப்பி வெயில் தேடிப் போகிறவருக்கு பிரெஞ்சில் 'இவெர்னான்' என்று தனிச் சொல்லே உண்டு. நீஸ் நகரில் குளிர்காலம் கழித்த ஆங்கிலேயர்கள் 1820களில் பணம் போட்டு, வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுத்துக் கடலோரப் பாதை போட்டார்கள். இன்றும் அது அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. நம் ஊருக்கு வருகிறவர்கள் ரமணரைத் தேடி வருகிறார்கள். 1934இல் பால் பிரண்டனின் புத்தகம் வெளிவந்ததிலிருந்து இந்த வரத்து உண்டு. மாசி வெயில் உறைத்தால் தானாகப் போய்விடுவார்கள்.

என் வழக்கு நம் வீட்டுக்காரர்களோடு. ஒரு குடும்பம் பன்னிரண்டு மாதம் தருவதை நாலு மாதத்தில் எடுத்துவிடலாம் என்றால், மீதி எட்டு மாதம் பூட்டுத் தொங்கினால் என்ன? இதுதான் அவர்கள் கணக்கு. ஐப்பசியிலேயே, "தங்கச்சி மகன் குடிவரப் போறான், வீட்டைக் காலி பண்ணுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கார்த்திகையில் பார்த்தால் தங்கச்சி மகன் பொன்னிறத் தலைமுடியோடு மாடியில் யோகாசனம் செய்துகொண்டிருக்கிறான்!

'என் வீடு, என் இஷ்டம்' என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் படிவம் அனுப்ப வேண்டும் என்பதும் விதி. போலீசுக்குப் பயந்து அதைத் தவறாமல் அனுப்புகிறவர்கூட, உள்ளூர்க் குடித்தனக்காரருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தருவதில்லை.

ஊருக்குள் கட்டுப்படியாகாதவர் எங்கே போவார்? மலையடிவாரத்துக்கு. 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்கும் சீசன் வாடகைக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் கீழே இடம் சுருங்கச் சுருங்க, வீடுகள் மலையைப் பார்த்துத்தான் ஏறும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள் குளிர்காலத்தில் காருக்குப் பின்னால் சின்ன வண்டிவீட்டை இழுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுகிறார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அரசு நிலத்தில் தங்க 180 டாலர் கட்டணம். குடிதண்ணீருக்கும் கழிவு கொட்டவும் ஓரிடம். அவர்களுக்காக உள்ளூரில் யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. கேரளமும் 2021இல் கேரவன் சுற்றுலா என்று தொடங்கிவிட்டது.

2024இல் மாநகராட்சி ஆகிவிட்ட நமக்கு, கிரிவலப் பாதையை விட்டுத் தள்ளி ஒரு இடம் அகப்படாதா? ஏரிப் புறம்போக்கு மட்டும் வேண்டாம், போனது போதும். ஐரோப்பாவிலிருந்து வண்டியோடு வருகிறவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு வண்டிவீடுகளை இங்கேயே நிறுத்தி வாடகைக்கு விடலாம், வருமானம் மாநகராட்சிக்கு. அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இருப்பார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். விருபாட்ச குகையில் பதினாறு பதினேழு வருஷம் இருந்தவரைத் தேடி வருகிறவர்கள்தானே ஐயா, இருப்பார்கள்.

மனு எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம். வரும் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விரும்பும் குடித்தனக்காரர்கள் ஞாயிறு மாலைக்குள் வீட்டுக்கு வரலாம். வீட்டுக்காரர்கள் வந்தாலும் காபி உண்டு.