சுவரைத் தட்டிப் பாராத தீர்ப்பு

மலாக்காவில் ஒரு பழைய வீட்டிற்குச் சாவோலை எழுத அரை மணி நேரம் போதுமானதாக இருக்கிறது. குத்தகையாளர் வருகிறார், ஐந்தடியில் நின்றவாறே அண்ணாந்து பார்க்கிறார், சுவரில் உப்புப் பூத்த இடத்தை நகத்தால் சுரண்டுகிறார், "இதில் ஒன்றுமில்லை, இடித்துவிட்டுப் புதிதாய் எழுப்புவதே மலிவு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பாட்டனார் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வீடு அன்றே இறந்துபோகிறது. இடிக்கும் கூலியையும் கட்டும் ஆதாயத்தையும் பெறப்போகிறவரையே நீதிபதியாக அமர்த்தும் வழக்கம் வேறெங்கேனும் உண்டா? நோய் தீருமா என்று சவப்பெட்டி செய்யும் தச்சரிடம் கேட்பார் உண்டா?

அவர் சுரண்டிப் பார்த்த அந்த இடத்திலிருந்தே வழக்கைத் தொடங்கலாம். மலாக்கா நகரின் பழைய சுவர்கள் செங்கல்லையும் செம்புரைக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி எழுப்பியவை. தரையின் ஈரம் அவற்றில் ஏறுவது இயற்கை. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மூச்சு விடுவதுபோல் வெளியே விட்டுவிடும். பூச்சு உதிர்ந்தால் மீண்டும் பூசுவர். பின்னாளில் சிமெண்டு வந்தது. ‘உறுதி’ என்ற பெயரால் சுவரின் இரு புறமும் அதைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் சாயமும் அடித்தார்கள். போக வழியற்ற ஈரம் உள்ளேயே மேலேறியது. அதனோடு வந்த உப்பு, பூச்சின் பின்னே படிகமாகி அதைத் தள்ளியது. சிமெண்டு பெயர்ந்தபோது செங்கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழுந்தது. இதைக் கண்ட வீட்டுக்காரர் சுவர் மக்கிவிட்டது என்று முடிவு கட்டுகிறார். மருந்தென்று பூசியதே நஞ்சென்பதை அவருக்குச் சொல்வாரில்லை. செயின்ட் பால் குன்றின் உச்சியில், 1521இல் தொடங்கிய தேவாலயம் கூரையிழந்து வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அந்தச் சுவர்களைப் பார்த்த பின்னரும், நூறாண்டு வீட்டை வயது காரணம் காட்டித் தள்ளுவதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

அப்படியானால் எல்லாப் பழைய வீடும் நல்ல வீடா? இல்லை. உண்மையான நோய்கள் வேறிடத்தில் ஒளிந்திருக்கின்றன. அவற்றைக் காண வாசலில் நின்றால் போதாது, கூரைக்குள் ஏற வேண்டும். முகடு நடுவில் தொய்ந்திருக்கிறதா? ஓடு நழுவிய இடத்தில் கைமரம் கறுத்திருக்கிறதா? விட்டங்கள் சுவருக்குள் புதையும் முனைகளே முதலில் கெடுபவை. ஈரமும் கறையானும் சந்திக்கும் இடம் அது. சாயம் பளபளக்கும் மரத்தைச் சுத்தியலால் தட்டினால் சில வேளை பொத்தென்று ஒலிக்கும். திருப்புளியால் குத்தினால் பிடிவரை இறங்கும். செங்கால் போன்ற வன்மரமாயின் எளிதில் இறங்காது. முனை மட்டும் உளுத்திருந்தால், கெட்டதை அறுத்து நல்ல மரத்தை ஒட்டுச் சேர்க்கத் தெரிந்த தச்சர் ஒருவர் போதும்; உத்தரம் முழுவதையும் மாற்றச் சொல்பவர் பெரும்பாலும் மரம் விற்பவராகவே இருப்பார்.

மயிரிழை வெடிப்புகள் பூச்சின் சுருக்கங்களே. சன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்தேறி, மேலே போகப் போக அகலும் வெடிப்பே அஞ்சத்தக்கது. அடித்தளம் ஒரு பக்கம் அமர்ந்ததை அது சொல்கிறது. அதுவும் ஐம்பதாண்டுக்கு முன் அமர்ந்து ஓய்ந்ததாக இருக்கலாம். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டி, நாள் குறித்து, ஒரு மழைக்காலம் காத்திருந்தால் விடை கிடைக்கும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது பொறியியலாளரை அழைக்கலாம். இச்சோதனைக்குச் செலவு சில வெள்ளிகளே. பொறுமைதான் விலையுயர்ந்தது போலும்.

வீட்டுக்காரரை மட்டும் பழிப்பதும் முறையன்று. 1948க்கு முன் எழுந்த கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுக்கிப் பிடித்தது. கிடைத்த வாடகை ஓடு மாற்றவும் போதாதபோது உரிமையாளர் கூரையை மறந்தார்; குடியிருந்தவரோ தமதல்லாத கூரையில் தகரத்தைச் செருகி மழையைத் தள்ளிப்போட்டார். 1999இன் இறுதியோடு கட்டுப்பாடு நீங்கியது. குடியிருந்தோர் பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபின், அத்தகைய வீடுகள் பல தங்கும் விடுதிகளாயின, காப்பிக் கடைகளாயின. சிலவற்றில் முகப்பு மட்டும் பழமை, உள்ளே கான்கிரீட்டு. இதுவும் ஒருவகை இடிப்பே. துன் டான் செங் லோக் சாலையில் 8ஆம் எண்ணுள்ள டச்சுக் காலத்து வீட்டைப் பாடான் வாரிசான் மலேசியா அமைப்பு 2000க்குப் பின் செப்பனிட்டது. எப்படிச் செய்யலாம் என்று காட்டுவதற்கென்றே செய்தது. பாடம் திறந்து கிடந்தது, படித்தவர் குறைவு.

காஜா பெராங்கிலுள்ள கம்போங் செட்டிக்கு வரும்போது வழக்கு இன்னும் கூர்மையடைகிறது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். வாசலில் கட்டுவது மாவிலை. மொழி போன பின்னும் எஞ்சியவை கோயிலும் வழிபாடும் அந்த வாசலும்தாம். அதை இடித்துவிட்டால் எந்த மாடிக் குடியிருப்பும் திருப்பித் தராது. அண்டை நிலத்தில் உயர்மாடிக்கு முளை அடிக்கும்போது சுண்ணாம்புச் சுவர் அதிரும். அதற்கு முன்பே ஒவ்வொரு வெடிப்பையும் அளவுகோலோடு படமெடுத்து வைக்காத வீட்டுக்காரர், "இது பழைய வெடிப்பு" என்ற ஒற்றைச் சொல்லால் தோற்கடிக்கப்படுவார்.

மறுபுறம், பழையது எதையும் தொடக்கூடாது என்று மேடையில் உருகுவோரும் உளர். தோட்டத்து லயத்தைக் கண்டால் அவர்கள் கண் கலங்குவர். அதில் குடியிருந்தவர்கள் அல்லர். ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் நின்ற லயங்களின் தூண்கள் தட்டினால் கணீரென்று ஒலித்திருக்கலாம். ஆயினும் உறுதி வேறு, தகுதி வேறு. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, கூரையை எட்டாத தடுப்பு, அதைத் தாண்டி வரும் பக்கத்து வீட்டு இருமல். இவ்வாறு குறைந்த செலவில் கூலிகளை நிறுத்திவைக்கத் தோட்ட நிர்வாகம் கட்டியதற்குக் குடும்ப வீடென்று பெயரிடலாகாது. காட்சிக்கு வைப்பதாயின் ஒன்றிரண்டு போதும். தொழிலாளர் வீட்டுவசதியின் குறைந்தபட்சத் தரத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. அதற்குப் பிறகும், முப்பது ஆண்டுகள் குடியிருக்கத் தகுந்ததாயிருந்த லயம், தோட்டம் விலைபோன மறுநாளே தகாததாகிவிடும் விந்தை நிகழ்கிறது. அந்தத் தீர்ப்பையும் எழுதியவர் யாரென்று கேட்க வேண்டும். லயம் இடியட்டும், இடிக்கும் இயந்திரம் வருமுன் மாற்று வீட்டின் சாவி தொழிலாளியின் கையில் இருக்கட்டும், அந்தப் புதிய வீட்டின் சுவரையும் அவர் சுத்தியலால் ஒருமுறை தட்டிப் பார்த்தே வாங்கட்டும்.