20 ஓட்டு! 72 உயிர்!



"அது பணக்காரத் தொகுதி. அங்கே ஏழைக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. "அங்கே எல்லா இனத்தாரும் கலந்து வாழ்கிறார்கள், யாருக்கும் ஒரு குறையும் இல்லை" என்று பெருமை பேசுபவர்களும் உண்டு. இந்த இரண்டு பேச்சும் பொய் என்பதற்கு லண்டன் மாநகரில் ஒரு சாட்சி இருக்கிறது. அதன் பெயர் கென்சிங்டன் பாராளுமன்றத் தொகுதி. அதன் கதையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கேட்ட பிறகு, நம் மஹல்லாவை நினைத்துப் பாருங்கள்.

ஒரே தொகுதி, இரண்டு ஊர்!

கென்சிங்டனில் அரச குடும்பத்தின் அரண்மனை இருக்கிறது. அதை ஒட்டிய தெருவில் உலகக் கோடீஸ்வரர்களும் வெளிநாட்டுத் தூதர்களும் குடியிருக்கிறார்கள். தெற்கே புகழ் பெற்ற அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கின்றன. வீட்டு விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

அதே தொகுதியின் வடக்கே போங்கள். கோல்போர்ன் சாலையில் மொராக்கோ நாட்டு முஸ்லிம்களின் கடைகள்; பக்கத்திலேயே போர்ச்சுகல்காரர்களின் கடைகள். 2001 இல் திறக்கப்பட்ட அல் மனார் பள்ளிவாசலும் அங்கேதான். சோமாலியர், எத்தியோப்பியர், சிரியா அகதிகள், மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பர்கள் எல்லோரும் கவுன்சில் கட்டிய அடுக்குமாடிகளில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அரண்மனையிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். ஆனால் வாழ்க்கைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரத்தை நடந்து கடக்க முடியாது.

பணக்காரனின் வருமானத்தையும் ஏழையின் வருமானத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால், ஏழையும் ஏட்டில் பணக்காரனாகிவிடுவான். அவன் வயிறு நிறைந்துவிடுமா?

இந்த வட பகுதிதான் 1958 இல் கறுப்பர்கள் மீது இனவெறிக் கும்பல் பாய்ந்த நாட்டிங் ஹில். 1959 மே மாதம் ஆன்டிகுவா தீவிலிருந்து வந்த கெல்சோ காக்ரேன் என்ற தச்சுத் தொழிலாளியைத் தெருவில் குத்திக் கொன்றார்கள். அதே ஆண்டு பாசிசத் தலைவன் ஆஸ்வால்ட் மோஸ்லி அங்கேயே தேர்தலில் நின்றான். வெறுப்பை வாக்காக அறுவடை செய்யலாம் என்று கணக்குப் போட்டான். கிடைத்தது என்ன? டெபாசிட் இழப்பு! வாக்குச் சீட்டுக்கு அந்த வலிமை உண்டு.

20 ஓட்டு!

2017 ஜூன் 8 ஆம் தேதி பொதுத் தேர்தல். கென்சிங்டன் கன்சர்வேடிவ் கட்சியின் கோட்டை. அங்கே தொழிலாளர் கட்சி ஜெயிக்கும் என்று சொன்னவனைப் பைத்தியக்காரன் என்றிருப்பார்கள். எண்ணினார்கள். திரும்பவும் எண்ணினார்கள். மூன்றாம் முறையும் எண்ணினார்கள். 9 ஆம் தேதி இரவு முடிவு வந்தது. தொழிலாளர் கட்சியின் எம்மா டென்ட் கோட் 16,333. கன்சர்வேடிவ் கட்சியின் விக்டோரியா போர்விக் 16,313. வித்தியாசம் 20! ஒரு சிறிய தெருவின் ஓட்டு!

"என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்கும் சகோதரரே, இதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?

ஆனால் இதையும் கேளுங்கள். மொராக்கோ, சிரியா, சோமாலியா நாட்டவர் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கும்வரை அந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. இந்தியர், இலங்கையர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் அப்படியல்ல. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்பதால், முறையான அனுமதியோடு அங்கே குடியிருந்தால், பட்டியலில் பெயர் சேர்த்துப் பாராளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். லண்டனில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெரியவர்களே! அடுத்த முறை போன் செய்யும்போது "பணம் அனுப்பினாயா?" என்று கேட்பதோடு "பட்டியலில் பெயர் சேர்த்தாயா?" என்றும் கேளுங்கள்.

அந்த ரமளான் இரவு

முடிவு வந்த ஐந்தாம் நாள், ஜூன் 14. ரமளான் மாதம். நள்ளிரவு ஒரு மணியை நெருங்கும் நேரம். கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில், ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தீப்பிடித்தது. வெளிச்சுவரில் ஏறிய தீ, உச்சி வரை பரவிக் கட்டடத்தையே சூழ்ந்தது. தண்ணீர் பீய்ச்சும் தீயணைப்புக் குழாய்கள் உள்ளே இல்லை. இறங்குவதற்கு ஒரே ஒரு படிக்கட்டு. "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்று சொல்லப்பட்டதை நம்பி இருந்தவர்கள் பலர் திரும்பவே இல்லை. 72 உயிர்கள். அதில் 18 குழந்தைகள்! இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் கதவு கதவாகத் தட்டி அண்டை வீட்டாரை எழுப்பினார்கள் என்று அந்த நாட்டுப் பத்திரிகைகளே எழுதின.

தீ ஏன் அப்படிப் பரவியது? 2016 இல் முடிந்த புதுப்பிப்பு வேலையில் வெளிச்சுவருக்கு எளிதில் எரியும் தகட்டைப் போட்டார்கள். முதலில் பேசிய துத்தநாகத் தகட்டை மாற்றி மலிவான தகட்டைப் போட்டதில் மிச்சம் சுமார் 2,93,000 பவுண்ட். அப்போது அந்தக் கவுன்சிலின் கையிருப்பு 27 கோடியே 40 இலட்சம் பவுண்ட்! வியாபாரிகளே, நீங்களே கணக்குப் போடுங்கள். கையில் ஆயிரம் ரூபாய் வைத்திருப்பவன் ஒரு ரூபாயை மிச்சம் பிடித்திருக்கிறான். அதே கவுன்சில் 2014 இல் முழு வரி கட்டியவர்களுக்குத் தலா 100 பவுண்டைத் திருப்பியும் கொடுத்தது!

குடியிருந்தவர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. ஆபத்து வரும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். பெரிய உயிர்ச்சேதம் நடந்தால்தான் இவர்கள் விழிப்பார்கள் என்று 2016 நவம்பரிலேயே எச்சரித்தார்கள். யார் காதில் விழுந்தது? எம்.பி. மாறி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. கட்டடத்துக்குச் சொந்தக்கார கவுன்சிலோ, 1964 இல் நடந்த முதல் தேர்தல் முதல் ஒரே கட்சியின் கையில்! தோற்போம் என்ற பயமே இல்லாதவனுக்கு ஏழையின் மனு குப்பைக் காகிதம்தானே!

2024 செப்டம்பர் 4 இல் நீதி விசாரணையின் இறுதி அறிக்கை வந்தது. 72 மரணங்களும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று சொன்னது. குற்றம் சாட்டும் முடிவு 2026 இறுதிக்கு முன் வராது என்று அதே ஆண்டு போலீஸ் சொல்லிவிட்டது. தீ பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நீதிக்கோ பத்து ஆண்டு!

நிவாரணத்துக்கு ஓடுகிறோம், உரிமைக்கு?

தீ எரிந்த காலையிலேயே பள்ளிவாசல்கள், சர்ச்சுகள், குருத்வாராக்கள் களத்தில் இறங்கின. உணவும் உடையும் குவிந்தன. அல் மனாரின் சமையலறையில் பெண்கள் கூடிச் சமைத்தார்கள். 2018 இல் அவர்களின் சமையல் புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

ஆனால் கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டே, 2018 மே மாதம், கவுன்சில் தேர்தலில் அதே கட்சி 50 இடங்களில் 36 ஐப் பிடித்தது! 2019 பொதுத் தேர்தலில் தொழிலாளர் கட்சிக்கு 16,618. லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 9,312. கன்சர்வேடிவ் 16,768 வாங்கி, 150 ஓட்டில் தொகுதியைத் திரும்பப் பிடித்தது. எதிர்ப்பவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், எதிர்க்கப்பட்டவன் ஜெயித்தான்! 2024 இல் எல்லை மாறி, 'கென்சிங்டன் அண்ட் பேஸ்வாட்டர்' என்று பெயரும் மாறிய பிறகுதான் மீண்டும் தொழிலாளர் கட்சிக்கு வந்தது.

எந்தக் கட்சி நல்லது என்பதல்ல என் பேச்சு. உங்கள் ஓட்டு தன் பக்கம் வருமோ போகுமோ என்று ஒவ்வொரு கட்சியும் கவலைப்பட வேண்டும். அந்தக் கவலை இருக்கும் இடத்தில்தான் உங்கள் மனு படிக்கப்படும். இதுதான் என் பேச்சு.

இளைஞனே! வெள்ளம் வந்தால் படகோடு ஓடுகிறாய். இரத்தம் வேண்டும் என்றால் வரிசையில் நிற்கிறாய். மாஷா அல்லாஹ்! ஆனால் உன் தெருவில் எத்தனை பேருக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்று உனக்குத் தெரியுமா? உன் வார்டு கவுன்சிலரின் கூட்டம் எந்தத் தேதியில் நடக்கிறது என்று தெரியுமா?

வியாபாரியே! தீ விபத்துக்குப் பிறகு கொடுக்கும் இலட்சம் ஸதகாதான், சந்தேகமில்லை. ஆனால் விபத்து வராமல் தடுக்க ஒரு மனுவில் போடும் கையெழுத்தும், ஒரு கூட்டத்துக்காகக் கடையை ஒரு மணி நேரம் சாத்துவதும் அதைவிடக் குறைந்ததா?

வாக்கு என்பது சாட்சியம் என்று உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். சாட்சியத்தை மறைப்பவன் யார் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஜும்ஆ முடிந்ததும் பட்டியலைப் பள்ளிவாசல் திண்ணையில் விரித்து வையுங்கள். விடுபட்ட பெயர்களை எழுதுங்கள். கடைசி 20 பெயர் வரை எழுதுங்கள்!

சிந்திப்பீர்! செயல்படுவீர்!